உள்வாங்கிய கடல்

அலைகள் திரும்பும் – வரலாற்றுத் தொடர் – பகுதி 12

1918 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் அமெரிக்க செனட் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் சபைக்கு நேரில் வந்து, போர்க்காலத்தில் நாட்டுக்குத் தோள்கொடுத்த பெண்களுக்கு இந்த உரிமையை மறுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். திருத்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எண்ணி முடித்தபோது இரண்டே இரண்டு வாக்குகள் குறைந்தன.

அதே நாளில் ஃபிலடெல்ஃபியா நகரத்து மருத்துவமனைகளில் படுக்க இடமில்லை. மூன்று நாளைக்கு முன்பு, செப்டம்பர் 28 அன்று, போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக அந்நகரில் பெரிய ஊர்வலம் நடந்தது. ஊரில் இன்ஃப்ளூயன்சா பரவத் தொடங்கிவிட்டது, ஊர்வலத்தை நிறுத்துங்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்தும் நகர நிர்வாகம் கேட்கவில்லை. சுமார் 2 லட்சம் பேர் தெருவோரத்தில் தோளோடு தோள் நெருக்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆறு வாரங்களுக்குள் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஒன்று கொள்ளைநோயின் அலை. மற்றது எழுபது ஆண்டுகளாக ஏறியும் இறங்கியும் வந்த ஓர் இயக்கத்தின் அலை. இரண்டும் மோதிக்கொண்ட இடம் 1918-ன் இலையுதிர்காலம். அந்தச் சில மாதங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், அலை என்ற சொல்லை நாம் எவ்வளவு அவசரமாகப் பயன்படுத்துகிறோம் என்பது தெரியும்.

கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், அது அமைதியின் அடையாளம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி அடிப்பதற்கு முன், மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, அதுவரை நீருக்கடியில் கிடந்த பாறைகள் வெளியே தெரிந்தன. உள்வாங்கிய கடலைப் பற்றியதுதான் இந்த வாரப் பகுதி. அலை அடித்த நேரத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அலைக்கும் அலைக்கும் நடுவில் நடந்ததை எழுதியவர்கள் குறைவு.

மூன்று முறை வந்த காய்ச்சல்

1918 மார்ச் மாதம், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள ஃபன்ஸ்டன் ராணுவ முகாமில் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் படுத்தார்கள். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு அது. முகாமிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து பிரான்ஸின் பதுங்குகுழிகளுக்கும் காய்ச்சல் போனது. போரிடும் நாடுகள் பத்திரிகைத் தணிக்கையை வைத்து அதை மறைத்தன. போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதின. மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ படுத்ததும் செய்தியாயிற்று. உண்மையைச் சொன்ன நாட்டின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது.

அந்த முதல் அலையில் படுத்தவர்கள் ஏராளம், இறந்தவர்கள் ஒப்பீட்டளவில் குறைவு. மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி, பிறகு எழுந்து நடமாட்டம். கோடையில் காய்ச்சல் தணிந்தது. போர்ச் செய்திகள் அதை மூடின.

ஆகஸ்ட் கடைசியில், ஏறத்தாழ ஒரே சமயத்தில், மூன்று துறைமுகங்களில் அது மறுபடி தலைகாட்டியது. பிரான்ஸில் பிரெஸ்ட், மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன், அமெரிக்காவில் பாஸ்டன். இம்முறை காலையில் படுத்தவர் மறுநாள் இல்லாமல் போனார். முகம் நீலம் பாய்ந்து, நுரையீரல் நீர்கோத்து, மூச்சுத் திணறிச் செத்தார்கள். சாதாரண ஃப்ளூ குழந்தைகளையும் முதியவர்களையும் கொண்டுபோகும். இது 20 முதல் 40 வயதுக்குட்பட்ட, உடல்வலு உள்ளவர்களைத் தேடித் தேடி எடுத்தது. வைரஸ் வழிவிட்ட நுரையீரலில் பாக்டீரியா புகுந்து நிமோனியாவாக்கியது. அதை எதிர்க்க ஆன்டிபயாட்டிக் இன்னும் பிறக்கவில்லை. நோய்க்குக் காரணம் வைரஸ் என்பதே அப்போது தெரியாது. மனிதரிடமிருந்து இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-ல்தான்.

பிறகு 1919-ன் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மூன்றாவது அலை. பாரிஸ் சமாதான மாநாட்டுக்குப் போயிருந்த வில்சனே ஏப்ரலில் அதில் படுத்தார். மொத்தத்தில் உலகெங்கும் 5 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்பது பின்னாளைய ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் மதிப்பீடு. அமெரிக்காவில் மட்டும் 6,75,000 பேர்.

நோய் ஏன் ஒரே மூச்சில் அடித்து ஓய்வதில்லை? கணக்கு எளியது. நோயுற்ற ஒருவர் சராசரியாக ஒருவருக்கு மேல் தொற்றவைத்தால் நோய் ஏறும், அதற்குக் கீழே போனால் இறங்கும். இறங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தொற்றக்கூடியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நோய்ப்பட்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கலாம். அல்லது பள்ளியை மூடி, கூட்டம் தவிர்த்து, மக்கள் ஒருவரையொருவர் சந்திப்பது குறைந்திருக்கலாம். முதல் காரணத்தால் இறங்கினால் அது நீடிக்கும். இரண்டாவதால் இறங்கினால், கதவைத் திறந்த மறுவாரமே நோய் திரும்பும். வரைபடத்தில் இரண்டும் ஒரே சரிவாகத்தான் தெரியும். ஏமாற்றம் பிறக்கும் இடம் அதுதான்.

சான் ஃபிரான்சிஸ்கோ அப்படி ஏமாந்தது. அக்டோபரில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கிய நகரம் அது. நோய் குறைந்ததும் நவம்பர் 21 நண்பகலில் சங்கு ஊதினார்கள். நகரமே ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றித் தெருவில் வீசியது. டிசம்பரில் காய்ச்சல் மறுபடி ஏறியது. ஜனவரி 17 முதல் முகக்கவசம் மீண்டும் கட்டாயமாயிற்று. இம்முறை அதை எதிர்த்து ஒரு சங்கமே கிளம்பிக் கூட்டம் போட்டது. சாவுக்குப் பயந்து முதல் தடவை கட்டிக்கொண்டவர்களுக்கு, இரண்டாம் தடவை கட்டச் சொன்னது அவமானமாகப் பட்டது. ஒரு முறை முடிந்துவிட்டது என்று கொண்டாடிய மனத்தை மறுபடி எச்சரிக்கைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று 2021 ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாம் அலையில், நாமும் பார்த்தோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை கல்யாண மண்டபங்களும் தேர்தல் மைதானங்களும் நிரம்பித்தான் இருந்தன.

1918-ன் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. வசந்தகாலத்தில் மென்மையான காய்ச்சலில் படுத்து எழுந்த படைப்பிரிவுகளில், இலையுதிர்காலத்துக் கொடும் அலையின் தாக்கம் குறைவாக இருந்ததைப் பழைய ராணுவ மருத்துவப் பதிவுகளிலிருந்து ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டார்கள். முதல் அலையை அந்த உடம்புகள் மறக்கவில்லை.

வாக்கு கேட்டு வந்த அலை

இனி மற்ற அலைக்கு வருவோம். 1848 ஜூலை 19, 20 தேதிகளில் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பெண்ணுரிமை மாநாடு ஒன்று கூடியது. ஆணும் பெண்ணும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருத்தி சார்லட் வுட்வர்ட். பதின்வயதின் முடிவில் இருந்தவள், வீட்டிலிருந்தபடி கையுறை தைத்துப் பிழைத்தவள். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் எழுபது ஆண்டுகள். உள்நாட்டுப் போர் வந்தபோது இயக்கம் அடங்கியது. போருக்குப் பின் கறுப்பின ஆண்களுக்கு வாக்கு, பெண்களுக்கு இல்லை என்ற நிலை வந்ததும் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. மேற்கு மாநிலங்கள் ஒன்றிரண்டு உரிமை தந்தபோது ஏறியது, பிறகு பல ஆண்டுகள் ஒரு மாநிலமும் அசையாமல் இறங்கியது. 1910-க்குப் பிறகு புதிய தலைமுறை வந்தது. 1917 ஜனவரி முதல் ஆலிஸ் பால் தலைமையிலான பெண்கள் வெள்ளை மாளிகை வாசலில் பதாகையோடு வாய்பேசாமல் நின்றார்கள், சிறை போனார்கள். கேரி சாப்மன் கேட் தலைமையிலான பெரிய சங்கம் மாநிலம் மாநிலமாக ஆதரவு திரட்டியது. 1918 ஜனவரி 10 அன்று கீழவையில் திருத்தம் 274–136 என்று நிறைவேறியது. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு வாக்குகூட மிச்சமில்லை.

செனட்டில் இரண்டு வாக்கில் தோற்ற அந்த அக்டோபர் முதல் வாரத்தில் இயக்கத்தின் முன் ஒரே வழிதான் இருந்தது. நவம்பர் 5 தேர்தலில் எதிர்த்து வாக்களித்தவர்களைத் தோற்கடிக்க வேண்டும். அதே நாளில் தெற்கு டகோட்டா, மிச்சிகன், ஒக்லஹோமா, லூசியானா ஆகிய நான்கு மாநிலங்களில் பெண் வாக்குரிமை பற்றிய பொதுவாக்கெடுப்பிலும் வெல்ல வேண்டும். ஐந்தே வாரங்கள் கையில் இருந்தன. அந்த ஐந்து வாரங்களில்தான் கொள்ளைநோயின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது.

பொதுக்கூட்டத்துக்குத் தடை. மாநாட்டுக்குத் தடை. தேவாலயமும் திரையரங்கும் மூடல். பேச்சாளர்கள் ரயிலேற முடியவில்லை. கேரி சாப்மன் கேட்டே காய்ச்சலில் படுத்தார். ஊர்வலத்தாலும் மேடைப்பேச்சாலும் வளர்ந்த ஓர் இயக்கத்துக்கு ஊர்வலமும் மேடையும் இல்லை.

அலை ஓய்ந்து கடலாடலாமா என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பெண்கள் அலை ஓயக் காத்திருக்கவில்லை. துண்டறிக்கை அச்சடித்தார்கள், கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் பேசினார்கள், வாசலில் நின்று தாளை நீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். செவிலியர் பற்றாக்குறையால் திண்டாடிய ஊர்களில் சங்கத்துப் பெண்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள். தெற்கு டகோட்டாவில் மேமி ஷீல்ட்ஸ் பைல் தலைமையில் நடந்த பிரசாரம் முழுக்க இப்படித்தான் ஓடியது. அங்கே வெற்றி. மிச்சிகனில் வெற்றி. ஒக்லஹோமாவில் வெற்றி. லூசியானாவில் தோல்வி.

அந்த வெற்றியில் ஒரு கறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தெற்கு டகோட்டாவில் பெண் வாக்குரிமையை, குடியுரிமை பெறாத வந்தேறிகளின் வாக்குரிமையைப் பறிக்கும் திருத்தத்தோடு சேர்த்துக் கட்டித்தான் மக்கள் முன் வைத்தார்கள். ஜெர்மானியர் மீது போர்க்காலத்தில் மூண்டிருந்த வெறுப்பு அந்தத் திருத்தத்துக்கு வாக்காக வந்து சேர்ந்தது.

1919 பிப்ரவரியில் செனட் மறுபடி வாக்களித்தது. ஒரு வாக்கு குறைந்தது. புதிய சபை கூடியபின், ஜூன் 4 அன்று 56–25 என்று திருத்தம் நிறைவேறியது. அடுத்து 36 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். முப்பத்தாறாவது மாநிலமாக டென்னசி 1920 ஆகஸ்ட் 18 அன்று வாக்களித்தது. எதிர்ப்பணியின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்த 24 வயது ஹாரி பர்ன், பையில் இருந்த தாயின் கடிதத்துக்குக் கட்டுப்பட்டு ஆதரவாக வாக்களித்தார். சட்டம் வந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பெண்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் நாடு முழுவதும் வாக்களித்தபோது, செனகா ஃபால்ஸ் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெண்களில் உயிரோடிருந்தவர் சார்லட் வுட்வர்ட் ஒருவரே. தொண்ணூறைத் தாண்டிய அவர் உடல்நலமின்றிப் படுத்திருந்தார். வாக்களிக்கப் போக முடியவில்லை.

காற்றில்லாத கடலில்

1920-க்குப் பின் பத்திரிகைகள் எழுதியது ஒன்றுதான்: பெண்ணியம் முடிந்தது, வேண்டியது கிடைத்துவிட்டது. சுமார் 20 லட்சம் உறுப்பினர்களைச் சொல்லிக்கொண்ட சங்கம் கலைந்து, அதன் இடத்தில் மிகச் சிறிய வாக்காளர் சங்கம் ஒன்று எஞ்சியது. 1920-களில் பிறந்த பெண்ணுக்குத் தன் பாட்டி தலைமுறை சிறை போனது தெரியாது. அடுத்த நாற்பது ஆண்டுகளை வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு பத்தியில் தாண்டிப் போயின.

அந்த நாற்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்று லைலா ரப், வெர்டா டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் தேடினார்கள். 1987-ல் வெளிவந்த அவர்களுடைய நூலின் தலைப்பில், காற்றே வீசாத கடற்பகுதியைக் குறிக்க மாலுமிகள் சொல்லும் சொல் இருக்கிறது. பாய்மரக் கப்பல் அங்கே நகராது. ஆனால் மூழ்குவதும் இல்லை. கப்பலில் உள்ளவர்கள் உணவைப் பங்கிட்டு, பாயைத் தைத்து, காற்றுக்குக் காத்திருப்பார்கள். வாஷிங்டனில் ஒரு பழைய வீட்டில் ஆலிஸ் பாலும் அவருடைய தேசியப் பெண்கள் கட்சியும் செய்தது அதைத்தான்.

1923 ஜூலையில், செனகா ஃபால்ஸ் மாநாட்டின் 75-ஆம் ஆண்டு நிறைவில், சம உரிமைத் திருத்தம் என்ற புதிய வாசகத்தை ஆலிஸ் பால் அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றத்துக்குப் போனது. அன்றிலிருந்து 1972-ல் இரு அவைகளும் நிறைவேற்றும்வரை ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் அதை மறுபடி மறுபடி வைத்தார்கள். கட்சியில் ஆள் குறைந்தது, இருந்தவர்களுக்கு வயதேறியது, புதிதாக யாரும் வரவில்லை. ஆனாலும் உறுப்பினர் பட்டியலை, கோப்புகளை, எந்த செனட்டரிடம் எப்படிப் பேசுவது என்ற அறிவைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

அதன் பயன் 1964-ல் தெரிந்தது. நிற வேற்றுமையை ஒழிக்கும் குடிமை உரிமைச் சட்டம் கீழவையில் விவாதத்தில் இருந்தது. வேலை கொடுப்பதில் இனம், நிறம், மதம், பூர்விகம் பார்க்கக் கூடாது என்ற பிரிவில் பாலினம் என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று தேசியப் பெண்கள் கட்சி வெர்ஜீனியா உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித்தை வற்புறுத்தியது. ஸ்மித் கறுப்பினத்தவரின் உரிமைச் சட்டத்தையே எதிர்த்தவர். அவர் திருத்தத்தை முன்மொழிந்தபோது அவையில் சிரிப்பு எழுந்தது. பெண் உறுப்பினர் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, இந்தச் சிரிப்பே பெண்கள் இரண்டாந்தரமாக நடத்தப்படுவதற்குச் சாட்சி என்ற பொருளில் பேசினார். சொல் சேர்ந்தது. செனட்டில் அதை நீக்கிவிடாமலிருக்க, கறுப்பின வழக்கறிஞர் பாலி மரே காரண காரியத்தோடு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். சட்டம் நிறைவேறியது. வேலையிடத்தில் பெண்ணுக்கு எதிரான பாகுபாடு சட்டவிரோதமாயிற்று. அந்தச் சட்டம் ஒழுங்காக அமலாகவில்லை என்ற கோபத்தில்தான் 1966-ல் தேசியப் பெண்கள் அமைப்பு பிறந்தது. அதன் நிறுவனர்களில் பாலி மரேயும் ஒருவர்.

1968 மார்ச் 10 அன்று நியூயார்க் டைம்ஸின் வார இதழில் மார்த்தா வெய்ன்மன் லியர் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இரண்டாவது பெண்ணிய அலை என்ற சொல் வந்தது. இரண்டாவது என்று பெயர் வைத்ததும் பழையது முதலாவதாயிற்று. 1848-ல் கையெழுத்திட்ட யாரும் தாங்கள் முதல் அலை என்று நினைக்கவில்லை. 1918 மார்ச்சில் கான்சஸில் காய்ச்சலில் படுத்த சிப்பாயும் அப்படி நினைக்கவில்லை. அலைக்கு எண் பின்னாலிருந்துதான் வருகிறது. அடுத்தது வந்த பிறகே முந்தையது முதல் என்று தெரிகிறது. அதனால்தான், நாம் நிற்கும் இடம் ஒரு முடிவா இடைவேளையா என்று நிற்கும் நேரத்தில் நமக்குத் தெரிவதில்லை.

எந்தக் கரையில் நின்று எண்ணுவது?

அலைகளை எண்ணுவதில் இன்னொரு சிக்கல், எண்ணுகிறவர் நிற்கும் கரை. 1913 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த பெரிய வாக்குரிமை ஊர்வலத்தில், கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்றார்கள். ஐடா பி. வெல்ஸ் அதற்கு இணங்காமல், ஊர்வலம் நகரும்போது தெருவோரத்திலிருந்து தன் மாநிலமான இல்லினாய் அணிக்குள் புகுந்து நடந்தார். 1920-ல் சட்டம் வந்தபோதும் தென் மாநிலங்களில் எழுத்துத் தேர்வு, தலைவரி, அடியாள் மிரட்டல் என்று கறுப்பினப் பெண்களைத் தடுத்தார்கள். மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமர் 1962-ல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். அன்றே தோட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அந்தக் கரையில் 1920-ன் அலை வந்து சேர்ந்தது.

கொள்ளைநோயும் இந்தக் கோட்டைத் தொட்டது. போர் முழுவதும் ராணுவச் செவிலியர் படையில் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை. இன்ஃப்ளூயன்சா செவிலியர்களையே படுக்கையில் தள்ளிய பிறகு, 1918 டிசம்பரில் 18 கறுப்பினச் செவிலியரை இரண்டு முகாம்களில் பணியமர்த்தினார்கள். அங்கேயும் அவர்களுக்குத் தனி விடுதிதான்.

அதே ஆண்டு இந்தியாவின் கரைக்கு வருவோம். ஜூனில் பம்பாயில் மென்மையாகத் தொடங்கிய காய்ச்சல் தணிந்து, செப்டம்பரில் கொடூரமாகத் திரும்பியது. பம்பாயில் அக்டோபர் 6 என்ற ஒரே நாளில் 768 பேர் இறந்தார்கள். ரயில் பாதை வழியாகத் துணைக்கண்டம் முழுவதும் பரவியது. அந்த ஆண்டு பருவமழை பொய்த்து, தானியம் விலையேறி, மக்கள் பட்டினியால் ஏற்கெனவே நொந்திருந்தார்கள். மொத்தச் சாவு 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை என்பது மதிப்பீடு. உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. 1911-லிருந்து 1921 வரையான பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை கூடாமல் குறைந்தது. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டவள், படுத்தவர்களுக்கெல்லாம் கஞ்சி வைத்துக் கொடுத்தவள், தான் படுத்தபோது கவனிக்க ஆளில்லாதவள். அவளைக் கொன்றதில் வைரஸுக்குப் பாதிப் பங்கு என்று வைத்தால், மீதிப் பங்கு வீட்டில் அவளுக்கிருந்த இடத்துக்கு.

அந்த இடத்தை மாற்ற வேண்டும் என்ற குரல் சென்னையில் ஏற்கெனவே எழுந்திருந்தது. 1917 மே 8 அன்று அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அதற்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்தில் வாக்குரிமை இயக்கத்தைக் கட்டியவர், அதற்காகச் சிறை போனவர், கணவரோடு இந்தியா வந்தவர். டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று, சென்னைக்கு வந்த இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து, இந்தியப் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாக வாக்கு வேண்டும் என்று கேட்டது. ஓராண்டுக்குள் நாடே காய்ச்சலில் படுத்தது. பிரிட்டன் அமைத்த வாக்குரிமைக் குழு, இந்தியப் பெண்கள் இன்னும் தயாராகவில்லை என்று கைவிரித்தது. கடைசியில் முடிவை மாகாணங்களிடம் விட்டார்கள். 1921-ல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. சொத்தும் வரியும் தகுதியாக இருந்ததால் கிடைத்தது மிகச் சில பெண்களுக்குத்தான். ஆனால் கதவு திறந்துவிட்டது. 1927-ல் அந்தக் கதவு வழியாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்.

அறுபது ஆண்டு நீரோட்டம்

அலை என்பது கண்ணில் படும் மேற்பரப்பு. கடலை நகர்த்துவது கீழே ஓடும் நீரோட்டம். கட்டுமரம் ஏறுகிறவருக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரியும். அலையைப் பார்த்துக் கடலை அளப்பதில்லை அவர்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று அது நடக்கிற காரியமாக யாருக்கும் பட்டிருக்காது. 1989-ல் தமிழ்நாடு அரசு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005-ல் அது நாடு முழுமைக்கும் சட்டமானது. தீர்மானத்துக்கும் மாநிலச் சட்டத்துக்கும் நடுவில் 60 ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளில் எந்த ஆண்டை எடுத்துப் பார்த்தாலும், பெண் சொத்துரிமை இயக்கம் ஓய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அது தவறு.

வைரஸும் அப்படியே. 1919-க்குப் பின் ஸ்பானிஷ் ஃப்ளூ போய்விட்டது என்று உலகம் மறந்தது. அது போகவில்லை. அதன் வழிவந்த வைரஸ்கள் வலுக்குறைந்து, ஆண்டுதோறும் வரும் சாதாரணக் காய்ச்சலாக நம்மிடையே உலவின. 2009-ல் உலகை அச்சுறுத்திய பன்றிக்காய்ச்சல் வைரஸின் மரபணுக்களில் சில 1918-ன் வாரிசுகளே.

இரண்டு கதைகளும் நம்மிடம் கேட்பது வேறு வேறு வேலை. நோய் உள்வாங்கும்போது, அடுத்த அலையின் உயரத்தைக் குறைக்க வேண்டும். ஆய்வகம் கட்டுவது, செவிலியருக்குப் பயிற்சி தருவது, தடுப்பூசி போடுவது எல்லாம் நோய் இல்லாத நாளின் வேலைகள். இயக்கம் உள்வாங்கும்போது, அடுத்த அலைக்கு வேண்டியதைச் சேர்த்து வைக்க வேண்டும். பெயர்ப் பட்டியலும் சட்ட வாசகமும் சிறைக் குறிப்பும் கையிலிருந்து கைக்குப் போக வேண்டும். இரண்டையும் கெடுப்பது ஒரே வாக்கியம்: எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வாக்கியத்தை நம்பிய நகரம் முகக்கவசத்தைத் தெருவில் வீசியது. அந்த வாக்கியத்தை நம்பாத சில வயதான பெண்கள் ஒரு பழைய வீட்டில் உட்கார்ந்து, ஆண்டுதோறும் அதே திருத்தத்தை மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

சார்லட் வுட்வர்ட் வாக்களிக்காமல் போனதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அவர் கதை 1920-ல் முடியவில்லை. 1921-ல், தேசியப் பெண்கள் கட்சி வாஷிங்டனில் தன் தலைமையகத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, சாந்து பூசும் கரண்டி ஒன்றை அவர் அனுப்பிவைத்தார். வேண்டியது கிடைத்துவிட்டது, இனி என்ன என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. 1848-ல் கையெழுத்திட்ட கை, அடுத்த கட்டடத்துக்குக் கரண்டி கொடுத்தது.

*அடுத்த பகுதியில்: தேவதாசி முறை ஒழிப்புக்காக முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் எழுப்பிய குரல் சட்டமாக 1947 வரை ஆனது ஏன்? அந்த இருபது ஆண்டுகளில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக நடந்த கதை.*

(தொடரும்)